அவர் சாப்பிடுவதை நான் கண்காணிக்க வேண்டுமா?

கேள்வி:

என் கணவருக்கு 39 வயது, எனக்கு 36. ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். பகலெல்லாம் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. எடையைக் குறைக்கிறேன் என்பார். ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு சமையலறையில் கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுகிறார். அப்புறம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுக்கிறார். மறுநாள் காலையில் இரண்டு மணி நேரம் ஓடுகிறார். முதலில் அல்சர் என்று சொன்னார், நம்பினேன். பிறகு காரில் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட், சாக்லேட் உறைகளைப் பார்த்தேன். ஒன்றரை வருடமாக இப்படி நடக்கிறது. அலமாரியைப் பூட்டினேன், அவர் பையைச் சோதித்தேன், குளியலறை வாசலில் காத்து நின்றேன். "நீ என்ன போலீஸா?" என்று கேட்டார். இப்போது தனித்தனி அறையில் தூங்குகிறோம். மூன்று வருடத்துக்கு முன்னால் உறவினர்கள் எதிரில் அவருடைய தொப்பையைக் கிண்டல் செய்தேன். அதனால்தான் இப்படி ஆகிவிட்டதா? தம்பதி கவுன்சலிங் போகலாமா, அவர் மட்டும் தனியாகப் போக வேண்டுமா? போனால் உள்ளே என்னதான் செய்வார்கள்? அவரோ, "இதெல்லாம் பெண்களுக்கு வருகிற வியாதி, நானே நிறுத்திக்கொள்வேன்" என்கிறார்.

பதில்:

உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. அவருக்கு ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். இந்த வாரமே. யாரிடம் போவது, சேர்ந்து போவதா தனியாகப் போவதா என்பதெல்லாம் முடிவாகும்வரை இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடிக்கடி வாந்தி எடுப்பவரின் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஆள் பார்க்க நன்றாகவே இருப்பார், எடையும் பெரும்பாலும் சராசரியாகவே இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ராத்திரி வாந்தி, விடிந்ததும் இரண்டு மணி நேர ஓட்டம் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. மருத்துவரிடம் "நானாகத்தான் வாந்தி எடுக்கிறேன்" என்று அவரே சொல்ல வேண்டும். அல்சர் என்று சொன்னால் அல்சருக்குத்தான் மருந்து கிடைக்கும். மலமிளக்கியோ, சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரையோ எடுத்துக்கொள்கிறாரென்றால் அதையும் மறைக்கக் கூடாது. மனச்சோர்வுக்கோ புகைப்பழக்கத்தை விடுவதற்கோ யாராவது மருந்து எழுதித் தந்தால் அவர்களுக்கும் இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் கொடுக்கப்படும் புப்ரோபியான் என்ற மருந்து, இப்படி வாந்தி எடுப்பவர்களுக்கு வலிப்பு வரும் அபாயத்தைக் கூட்டும் என்பதால் கொடுக்கக் கூடாத ஒன்று.

மயக்கம், படபடப்பு, நெஞ்சுவலி, வாந்தியில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். செத்துப்போனால் தேவலை என்கிற மாதிரி அவர் பேசினாலும் அப்படித்தான். உணவுக் கோளாறு உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகம். "அப்படி எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தயங்காமல் கேளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், இதை அவரிடம் சொன்னால் கோபப்பட மாட்டார் என்று நினைக்கிறேன்: வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கக் கூடாது. வயிற்று அமிலம் பட்ட எனாமல் இளகியிருக்கும், பிரஷ் அதைத் தேய்த்துவிடும். தண்ணீரால் கொப்பளித்தால் போதும்.

சரி, பெண்களுக்கு வருகிற வியாதி என்ற பேச்சுக்கு வருவோம். 1689-இல் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், சாப்பாட்டை விலக்கி உருகிப்போன இரண்டு பேரைப் பற்றி எழுதினார். ஒருவர் 18 வயதுப் பெண், மற்றவர் 16 வயதுப் பையன். உங்கள் கணவருக்கு இருப்பதாக நான் சந்தேகிக்கும் நோய்க்குப் புலிமியா நெர்வோசா என்று 1979-இல் பெயர் வைத்தவர் லண்டனில் பணியாற்றிய ஜெரால்டு ரஸ்ஸல். அவர் விவரித்த 30 நோயாளிகளில் இருவர் ஆண்கள். ஆக, ஆண்கள் ஆரம்பத்திலிருந்தே இந்த வகை நோய்களில் இருக்கிறார்கள். பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்பது உண்மை. ஆனால் பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துவிட்டதால் ஆண்கள் வாய் திறப்பதில்லை, மருத்துவர்களும் கேட்பதில்லை. ஒரு பெண் சாப்பாட்டைக் குறைத்துத் தினமும் இரண்டு மணி நேரம் ஓடினால் வீட்டில் ஒருவராவது கவலைப்படுவார். அதையே ஆண் செய்தால் "என்ன கட்டுப்பாடு!" என்று பாராட்டு கிடைக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின்படி, கட்டுப்பாடில்லாமல் பெருமளவு சாப்பிடுவதும் அதை ஈடுகட்ட வாந்தி, பட்டினி, அளவுமீறிய உடற்பயிற்சி என்று இறங்குவதும் சராசரியாக வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் அது புலிமியாவுக்கான ஓர் அடையாளம். தன்னுடைய மதிப்பையே எடையையும் உருவத்தையும் வைத்து அளப்பது இன்னொன்று. கடிதத்தை வைத்து நான் நோய்க்குப் பெயர் சூட்டப் போவதில்லை, நேரில் பார்ப்பவர் சொல்லட்டும். ஆனால் ஒன்றரை வருடம் ஓடிய பிறகு "நானே நிறுத்திக்கொள்வேன்" என்பதை நம்பிக் காத்திருப்பதில் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏன் தானாக நிறுத்த முடிவதில்லை? மன உறுதி போதாததால் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். நீங்களும் உள்ளுக்குள் அப்படி நினைக்கக்கூடும். 1944 இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனை நடத்தினார். போரில் சண்டையிட மனசாட்சி இடம்தராது என்று மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் ஆரோக்கியமானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு ஏறத்தாழ அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் கால்வாசி குறையும்படி திட்டம். அழகு, உருவம் என்ற கவலையெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் நாளெல்லாம் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து விலகிப்போனார்கள். சிலர் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டுவிட்டு வெட்கத்தில் குன்றினார்கள். பரிசோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்றானபோது பலருக்கு வயிறு முட்டியும் நிறுத்த முடியவில்லை.

உங்கள் கணவர் இந்தப் பரிசோதனையைத் தன்மேல் தினமும் நடத்திக்கொண்டிருக்கிறார். பகல் முழுக்கப் பட்டினி போட்ட உடம்பு ராத்திரி கணக்குத் தீர்க்கிறது. பிறகு குற்ற உணர்ச்சி, வாந்தி, "நாளைக்கு இன்னும் கடுமையாக இருப்பேன்" என்ற சபதம். அந்தச் சபதம்தான் மறுநாள் ராத்திரிக்கு விதை. ஆகவே சிகிச்சை ராத்திரியில் தொடங்குவதில்லை, காலை உணவில் தொடங்குகிறது. இதைக் கேட்டவுடன் பெரும்பாலானவர்கள் பயந்துபோவார்கள். சாப்பிடுவதைக் குறைக்கத்தான் ஆலோசகர் உதவுவார் என்று எண்ணி வந்திருப்பார்கள்.

அலமாரியைப் பூட்டியது ஏன் உதவவில்லை என்பதும் இங்கேயே புரிந்துவிடும். ராத்திரிப் பசி பகலில் உருவானது. பூட்டு அதைக் காருக்குள் அனுப்பிவைத்தது, அவ்வளவுதான்.

உங்கள் கிண்டலுக்கு வருகிறேன். ஒரு வாக்கியம் இந்த நோயை உண்டாக்காது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் பரம்பரைக்கு இதில் கணிசமான பங்கு இருப்பதைக் காட்டியிருக்கின்றன. அதோடு சிறுவயதில் உடம்பை வைத்துக் கேட்ட கேலி, தன்னிடம் மிகக் கடுமையாக இருக்கும் சுபாவம், மனச்சோர்வு, கடும் டயட் எல்லாம் சேர்ந்துகொள்ளும். உங்கள் வார்த்தை அவரைக் குத்தியிருக்கலாம்; டயட்டை ஆரம்பிக்கும் சாக்காகக்கூட இருந்திருக்கலாம். அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். ஒரு முறை, தெளிவாக, "ஆனால்" என்று இழுக்காமல். அதற்குப் பிறகு திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். குற்ற உணர்ச்சியோடு வரும் மனைவியைச் சமாதானப்படுத்துவதும் அவருடைய வேலையாகிவிட்டால் தன்னைப் பற்றிப் பேச அவருக்கு இடமே இருக்காது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: தம்பதியாகவா, தனியாகவா?

இரண்டும் வேண்டும், ஆனால் வரிசை உண்டு. உணவுக் கோளாறுக்கான தனிச் சிகிச்சை முதலில் தொடங்க வேண்டும். தம்பதியாகப் பேசுவது அதோடு சேர்ந்து போகலாம். அதற்குப் பதிலாக இருக்க முடியாது. "உங்கள் உறவு சரியானால் சாப்பாடு தானாகச் சரியாகும்" என்று ஒரு தம்பதி ஆலோசகர் சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வேறு ஆளைப் பாருங்கள். உறவு இனிமையாக இருக்கும் வீடுகளிலும் புலிமியா இருக்கிறது. அதே போல, "இது அவருடைய பிரச்சினை, மனைவி வெளியே உட்காரட்டும்" என்பவரும் எனக்கு உடன்பாடானவர் இல்லை.

இந்த இரண்டாவது வகை நினைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. சாப்பாட்டை விலக்கி உடம்பை உருக்கும் நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயரை 1870-களில் கொடுத்த வில்லியம் கல் என்ற ஆங்கிலேய மருத்துவர், இந்த நோயாளிகளைக் கவனித்துக்கொள்ள உறவினர்கள்தான் மிக மோசமானவர்கள் என்று எழுதிவைத்தார். குடும்பத்திலிருந்து பிரித்துவைப்பதே மருந்து என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழுவினர் அதைத் தலைகீழாக்கி, பதின்வயதுப் பிள்ளைகளின் சிகிச்சையில் பெற்றோரை நடுநாயகமாக உட்காரவைத்தார்கள். இன்று அந்த வயதினருக்கு வலுவான ஆய்வு ஆதாரம் உள்ள முறை அதுதான். பெரியவர்களுக்கு, அதிலும் துணையோடு வாழ்பவர்களுக்கு என்ன செய்வது என்பதை அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சிந்தியா புலிக், டொனால்டு பாக்கம் இருவரும் கையில் எடுத்தார்கள். அவர்கள் உருவாக்கிய தம்பதி முறை முதலில் அனோரெக்சியாவுக்கு, பிறகு கட்டுக்கடங்காமல் உண்ணும் கோளாறுக்கும். நான் வேலை செய்யும் விதம் பெருமளவு இதைத் தழுவியதே. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தாய் சோறு ஊட்டுவதுபோல 39 வயது மனிதருக்கு மனைவி பொறுப்பேற்க முடியாது. ஆனால் ஒரே கூரையின் கீழ் இருப்பவரை அறியாமையிலேயே விட்டுவைத்தால், நல்லெண்ணத்தோடு அவர் செய்வதெல்லாம் நோய்க்குத் தீனியாகிவிடும்.

தனிச் சிகிச்சையில் என்ன நடக்கும்? பெரியவர்களின் புலிமியாவுக்கு இன்று அதிகம் பரிசோதிக்கப்பட்டிருப்பது ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்தெடுத்த சிந்தனை-நடத்தைச் சிகிச்சை. எடை மிகக் குறையாதவர்களுக்குச் சுமார் 20 அமர்வுகள், சுமார் 20 வாரங்களில். முதல் வாரத்திலிருந்தே ஒரு குறிப்பேடு: எப்போது, எங்கே, என்ன சாப்பிட்டார், அப்போது மனத்தில் என்ன ஓடியது, வாந்தி எடுத்தாரா. சாப்பிட்ட கையோடு எழுத வேண்டும், ராத்திரி உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. அடுத்தது ஒழுங்கான இடைவெளி உணவு: மூன்று வேளை, நடுவில் இரண்டோ மூன்றோ சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. எடை வாரம் ஒருமுறை மட்டும், ஆலோசகர் அறையில். பிறகுதான் "இதைத் தொட்டால் அவ்வளவுதான்" என்று அவர் ஒதுக்கிவைத்திருக்கும் உணவுகள், கண்ணாடி முன் நடக்கும் சண்டை, தன்னை எடையால் மட்டும் அளக்கும் வழக்கம் எல்லாம். முதல் நான்கு வாரங்களில் வாந்தி எடுப்பது நன்றாகக் குறைந்தால் அது நல்ல அறிகுறி. குறையாவிட்டால் காரணம் என்ன என்று ஆலோசகர் அப்போதே கேட்க வேண்டும், பத்தாவது வாரம்வரை தலையாட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மருந்து? ஃப்ளூயாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து புலிமியாவில் உதவுவது நிரூபணமானது. மனநல மருத்துவர் தேவை என்று சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். அதை மட்டுமே சிகிச்சையாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் குறிப்பேட்டை நீங்கள் படிக்கக் கூடாது. அவர் காட்டினால் பார்க்கலாம். மேசைமேல் திறந்து கிடந்தாலும் புரட்டாதீர்கள். படிக்கப்படும் என்று தெரிந்தால் அதில் பொய் எழுதத் தொடங்குவார். பொய்க் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எந்த ஆலோசகராலும் ஒன்றும் செய்ய முடியாது.

தம்பதி அமர்வுகளை நான் எப்படித் தொடங்குவேன் என்று சொல்கிறேன். முதலில் இருவரையும் சேர்த்து. பிறகு ஒவ்வொருவரையும் ஒரு முறை தனியாக. அந்தத் தனிச் சந்திப்புக்கு முன்னாலேயே விதியைச் சொல்லிவிடுவேன்: சிகிச்சையைப் பாதிக்கும் ரகசியம் எதையும் ஒருவருக்காக நான் சுமக்க மாட்டேன், அதைச் சேர்ந்த அமர்வுக்குக் கொண்டுவர உதவுவேன். இதற்கு ஒரே விலக்கு வீட்டில் அடி, மிரட்டல் இருப்பது. தனியாகக் கேட்பதே முக்கியமாக அதற்காகத்தான். பயம் இருக்கும் வீட்டில் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொல்வது ஆபத்து. வீட்டுக்குத் திரும்பியதும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, ஆனாலும் கேட்பேன்.

அதன் பிறகு ஒரு தாளில் உங்கள் சண்டையை வரைவோம். உங்கள் வீட்டில் அது இப்படி இருக்கலாம்: அவர் மறைக்கிறார், நீங்கள் தேடுகிறீர்கள். தேடக் கண்டவுடன் வெட்கம், வெட்கத்தால் இன்னும் சாமர்த்தியமாக மறைக்கிறார், நீங்கள் இன்னும் ஆழமாகத் தேடுகிறீர்கள். ஒருவர் துரத்த மற்றவர் விலகும் இந்தச் சுற்றை உளவியலாளர் சூ ஜான்சன் தன்னுடைய உணர்வுசார் தம்பதிச் சிகிச்சையின் மையத்தில் வைத்தார். அவர் பார்வையில் துரத்துபவருக்கு உள்ளே பயம், விலகுபவருக்கு உள்ளே தான் தோற்றவன் என்ற எண்ணம். நீங்கள் பையைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது? "இவர் செத்துவிடுவாரோ" என்ற பயமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவர் காதில் விழுந்ததோ "நீ திருடன்". அறையில் நான் செய்வது இந்த இடைவெளியை மெதுவாகக் குறைப்பதுதான். உறை கிடைத்ததைப் பற்றி நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்திவிட்டு, அதைக் கண்ட ராத்திரி நீங்கள் தூங்கினீர்களா என்று கேட்பேன். அந்தப் பதிலை உங்கள் கணவர் இதுவரை கேட்டிருக்கவே மாட்டார்.

பேச்சில் இரண்டு வகை உண்டு என்று பாக்கம் முறையில் சொல்லித்தருவார்கள். மனத்தில் உள்ளதைப் பகிர்வது ஒன்று, முடிவெடுப்பது இன்னொன்று. ஒருவர் முதல் வகையில் இருக்கும்போது மற்றவர் இரண்டாவதுக்குத் தாவுவதால்தான் பாதிச் சண்டை. அவர், "இன்றைக்கு ஆபீஸில் எல்லோரும் சாப்பிடக் கூப்பிட்டார்கள், எனக்குப் பயமாக இருந்தது" என்கிறார். நீங்கள் உடனே, "அப்போ நாளையிலிருந்து டிபன் கட்டித் தருகிறேன்" என்கிறீர்கள். அன்போடுதான் சொன்னீர்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. "அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டிருந்தால் இன்னும் பத்து நிமிடம் பேசியிருப்பார்.

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜேனட் டிரெஷர், உணவுக் கோளாறு உள்ளவரைக் கவனிப்பவர்களை விலங்குகளாக வரைந்து காட்டுவார். தர்க்கத்தால் முட்டித் தள்ளும் காண்டாமிருகம், பையில் வைத்துப் பொத்திக்கொள்ளும் கங்காரு, மண்ணில் தலையைப் புதைக்கும் தீக்கோழி, கண்ணீராகவே கரையும் ஜெல்லிமீன். அவர் விரும்புவது டால்பினை: ஒருசமயம் முன்னால் போய் வழி காட்டும், ஒருசமயம் பக்கத்தில் நீந்தும், ஒருசமயம் பின்னால் அமைதியாக வரும். முதல் அமர்விலேயே இதைக் காட்டினால் பெரும்பாலானோர் சிரித்துவிட்டுத் தங்களைக் காண்டாமிருகம் என்பார்கள். பக்கத்தில் இருப்பவர் "கங்காருவும்தான்" என்பார். சிரிக்க முடிவதே நல்ல தொடக்கம்.

ஆக, கண்காணிக்க வேண்டுமா? வேண்டாம். இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரலாம்: அவர் உயிருக்கு ஆபத்து என்று மேலே சொல்லிவிட்டு இப்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்கிறேனா? ஆபத்தை அளப்பது ரத்தப் பரிசோதனையின் வேலை, மருத்துவரின் வேலை. அந்தப் பொறுப்பை உங்களிடமிருந்து எடுத்து அவர்களிடம் கொடுக்கத்தான் முதலில் அங்கே அனுப்பினேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை பரிசோதனை, எந்த நிலைமையில் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் மருத்துவர் அவரிடம் சொல்லட்டும், நீங்களும் கூட இருந்து கேட்டுக்கொள்ளுங்கள். குளியலறை வாசலில் நின்று நீங்கள் தடுத்த வாந்தி எத்தனை?

கண்காணிப்பை விட்ட இடத்தில் வேறு ஏதாவது வர வேண்டும், இல்லாவிட்டால் அது புறக்கணிப்பாகத் தெரியும். அவரிடமே கேளுங்கள்: "நான் என்ன செய்தால் உதவி, என்ன செய்தால் தொல்லை?" முதலில் "ஒன்றும் வேண்டாம்" என்பார். இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கேட்கலாம். தம்பதிகள் இதில் எட்டும் உடன்பாடுகள் பெரும்பாலும் மிகச் சாதாரணமானவை. மேசையில் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு இல்லை. அளவு, கலோரி, "இன்னும் கொஞ்சம்", "போதுமே" எதுவும் இல்லை. சாப்பிட்டு முடித்த அடுத்த ஒரு மணி நேரம் அவரைத் தனியே விடாமல் ஏதாவது சேர்ந்து செய்வது, ஏனென்றால் வாந்தி எடுக்கத் தூண்டும் உந்துதல் அப்போதுதான் ஏறும். ஏறியது சும்மா விட்டால் இறங்கவும் செய்யும், அந்த நேரத்தைக் கடத்துவதுதான் காரியம். சீட்டு ஆடலாம், மகளோடு வீட்டுப்பாடம் பார்க்கலாம், நாய் இருந்தால் மெதுவாக நடத்திக்கொண்டு போகலாம். ராத்திரி உந்துதல் வந்தால் உங்களை எழுப்பலாம் என்று அவருக்குச் சொல்லிவையுங்கள். எழுப்பினால் அறிவுரை சொல்லாமல் கூட உட்கார வேண்டும், அது கடினம், அரைத்தூக்கத்தில் இன்னும் கடினம். எழுப்பாமல் போனால் காலையில் விசாரணை கூடாது.

ராத்திரி சமையலறையைக் காலி செய்துவிட்டால் மறுநாள் குறைந்ததை அவர்தான் வாங்கி வைக்க வேண்டும், சிதறியதை அவர்தான் துடைக்க வேண்டும். அவருக்கு வெட்கமாகுமே என்று நீங்கள் விடியுமுன் எழுந்து எல்லாவற்றையும் சரிசெய்து வைத்தால், நடந்ததே நடக்காததாகிவிடும். தண்டனையாகச் சொல்லவில்லை. உங்கள் முதுகுக்கும் ஓய்வு வேண்டும்.

உடம்பைப் பற்றிய பேச்சை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், பாராட்டையும் சேர்த்து. "இளைத்துவிட்டீர்களே" என்பது அவர் காதில் "இதையே தொடரு" என்று விழும். "முகம் தெளிவாக இருக்கிறது" என்றால் "குண்டாகிவிட்டேன்" என்று விழும். இது உங்கள் உடம்புக்கும் பொருந்தும். கண்ணாடி முன் நின்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை அவரும் கேட்கிறார், மகளும் கேட்கிறாள்.

தனி அறைகளைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். நான் அப்படிக் கடக்க மாட்டேன். தன் உடம்பை வெறுப்பவருக்கு இன்னொருவர் தொடுவது சோதனையாக இருக்கும்: விளக்கு அணைந்திருக்க வேண்டும், வயிற்றில் கை படக் கூடாது, வாயில் வாந்தி வாடை இருக்குமோ என்ற அச்சம் வேறு. துணைக்கோ இதெல்லாம் "என்னைப் பிடிக்கவில்லை" என்று தெரியும். இதைத் தம்பதி அமர்வில் பேசியே ஆக வேண்டும். பேசும்வரை அவசரம் வேண்டாம். எங்கே கை வைத்தால் பரவாயில்லை, எங்கே வேண்டாம் என்று அவரால் சொல்ல முடிவதிலிருந்து தொடங்கலாம். அது உடலுறவில் முடிய வேண்டும் என்ற கட்டாயமில்லாத தொடுகையாக இருந்தால் இருவருக்குமே மூச்சு வரும். நீங்கள் விரும்பப்படாதவராக உணர்ந்த மாதங்களும் உண்டு அல்லவா? அதற்கும் அந்த அறையில் இடம் இருக்கிறது. நோயாளியின் மனைவி என்பதால் உங்கள் ஏக்கம் இரண்டாம் தரமாகிவிடாது.

மகளை விட்டுவிடக் கூடாது. ஒன்பது வயதுக்குக் குழாய்ச் சத்தம் எதற்கென்று ஓரளவு தெரிந்தே இருக்கும். "அப்பாவுக்கு ஓர் உடம்பு முடியாமை இருக்கிறது, டாக்டரைப் பார்க்கிறார், உன்னால் வந்ததில்லை, நீ கவனித்துக்கொள்ள வேண்டியதும் இல்லை" என்று முடிந்தால் அவரே சொல்லட்டும். அப்பா என்ன சாப்பிட்டார் என்று அவளிடம் ஒருபோதும் கேட்காதீர்கள். நல்ல சாப்பாடு, கெட்ட சாப்பாடு என்று உணவுக்கு நடத்தைச் சான்றிதழ் கொடுக்கும் பேச்சும் அவள் முன் வேண்டாம்.

நடுவில் ஒரு வாரம் நன்றாகப் போய், திடீரென்று ஒரு ராத்திரி பழையபடி நடக்கும். ஏறக்குறைய எல்லோருக்கும் நடக்கும். அன்று "எல்லாம் வீண்" என்று இருவரில் ஒருவராவது சொல்வீர்கள். முந்தின பகலில் எந்த வேளையை விட்டார் என்று ஆலோசகரிடம் பேசட்டும். மறுநாள் காலை உணவை வழக்கமான நேரத்துக்குச் சாப்பிடட்டும். ஈடுகட்டப் பட்டினி கிடந்தால்தான் இரண்டாவது ராத்திரி வரும்.

அவர் வர மறுத்தால்? "வராவிட்டால் போய்விடுவேன்" என்ற மிரட்டலை, போகவே தீர்மானித்திருந்தால் ஒழிய, எடுக்காதீர்கள். அமைதியான ஒரு பகல் நேரத்தில், சாப்பாட்டு வேளைக்கு அப்பால், நீங்கள் கண்டதையும் உங்கள் பயத்தையும் சொல்லிவிட்டு, இதனால் அவர் எதையெல்லாம் இழந்திருக்கிறார் என்று கேளுங்கள். தூக்கமா, நண்பர்களா, மகளோடு ஐஸ்கிரீம் சாப்பிடுவதா. பதிலை அவர் சொல்ல விடுங்கள், நீங்கள் பட்டியல் போட வேண்டாம். மனம் மாற விரும்பும் பாதியும் விரும்பாத பாதியும் அவருக்குள் சண்டையிடுகின்றன. நீங்கள் ஒரு பக்கம் வாதாடினால் அவர் மறுபக்கம் வாதாடுவார். மனநல ஆலோசனை என்றாலே கசக்கிறது என்றால் பல் மருத்துவரிடமாவது வரச் சம்மதிப்பாரா என்று பாருங்கள், அங்கிருந்து வழி திறக்கலாம். புலிமியாவுக்கென்றே எழுதப்பட்ட சுயஉதவிப் பயிற்சியை ஒரு நிபுணரின் சிறிய மேற்பார்வையில் செய்வதும் உண்டு. பிரிட்டனின் 2017 மருத்துவ வழிகாட்டி பெரியவர்களுக்கு அதைத்தான் முதல் படியாகச் சொல்கிறது. "நானே பார்த்துக்கொள்வேன்" என்பவர்களுக்கு அது கௌரவக் குறைவில்லாத வாசல்.

ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது போனிலேயே கேட்டுவிடுங்கள்: உணவுக் கோளாறில் பயிற்சி உண்டா, மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்வாரா, முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பார். கேட்டதற்கு முகம் சுளிப்பவர் வேண்டாம். தனிச் சிகிச்சை செய்பவரும் தம்பதி அமர்வு நடத்துபவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது, இருவரும் ஒருவரோடு ஒருவர் பேச உங்கள் கணவர் எழுத்தில் அனுமதி கொடுத்திருந்தால். அவர் இன்னும் தயாராகவில்லை என்றால் முதல் சந்திப்புக்கு நீங்கள் மட்டும் போகலாம். ஒளிவுமறைவு வேண்டாம், "வியாழக்கிழமை நான் போகிறேன், எனக்காகப் போகிறேன், உங்களுக்கு எப்போது தோன்றினாலும் வாருங்கள்" என்று சொல்லிவிட்டே போங்கள்.